தீயின் முன்னே காலடி வைக்கும் முறை

திருப்பூர்ப் பக்கத்துப் பனியன் வேஸ்ட் குடோன்களில் தீயணைப்பு உருளையைப் பிடிக்கப் பழகுபவர்களுள், சிலம்பம் சுற்றியவர்கள் சற்று எளிதாகத் தேறிவிடுகிறார்கள். கம்பை எடுக்குமுன் காலடியைப் பழக்கும் ஆசான்களின் கண்டிப்பே இதற்குக் காரணம் என்பது என் எண்ணம்.

முதலில் 101-க்குத் தகவல் சொல்ல ஒருவரை அனுப்பிவிட்டு, வெளியேறும் கதவு உங்கள் முதுகுப்புறம் இருக்குமாறும், திறந்தவெளியானால் காற்று பின்னாலிருந்து வீசுமாறும் நின்றுகொள்ளுங்கள். சிலம்பத்தில் இடத்தை எதிராளியிடம் விட்டுக்கொடுக்காத அதே கணக்குத்தான் இது. ஏறக்குறைய 2 மீட்டர் தள்ளி, ஒரு கால் முன்னும் மறுகால் பின்னுமாக ஊன்றி, உருளையின் பூட்டு ஊசியை (pin) உருவிக் குழாயைச் சுடரின் உச்சியை நோக்கி அன்றி அடிப்பகுதியை நோக்கிப் பிடித்து, கைப்பிடியை அழுத்தியபடி இடமும் வலமுமாக வீச வேண்டும். சிறிய உருளை சில நொடிகளிலேயே தீர்ந்துவிடும். ஆகவே வீண் வீச்சு கூடாது.

தீ அடங்கியதும் திரும்பி நடப்பதுதான் பலர் செய்யும் பிழை. சிலம்பத்தில் பின்வாங்குவதுபோல, பார்வையை எடுக்காமல் பின்னடி வைத்தே விலகுங்கள். பஞ்சுப் பொதியில் மேற்சுடர் அணைந்தபின்பும் உள்ளே கனன்றுகொண்டிருக்கும் என்பதால், தீயணைப்பு வீரர்கள் அதைப் பிரித்து நனைக்கும்வரை காவல் தேவை. மின்சாரம் ஓடும் இயந்திரத்தின்மேல் தண்ணீர் ஊற்றவே கூடாது. புகை தலைக்குமேல் திரண்டுவிட்டால், உருளையைப் போட்டுவிட்டுக் குனிந்தபடி வெளியேறுங்கள்.