படகின் வேக்கம் டாய்லெட்: பம்ப் மீது பழி போடும் முன்

ராத்திரி இரண்டு மணி. டாய்லெட் பக்கம் யாரும் போகவில்லை. ஆனாலும் தரைப்பலகைக்கு அடியில் பம்ப் தானாக ஓடி நிற்கிறது. இருபது நிமிடத்தில் மறுபடியும். விடிந்ததும் புதுப் படகுக்காரர் செய்யும் முதல் வேலை, புது பம்ப்புக்கு ஆர்டர் கொடுப்பது. பழையவர்களும் ஒரு காலத்தில் இதைத்தான் செய்தார்கள். கழிவை உறிஞ்சி இழுக்கும் இந்த வேக்கம் டாய்லெட்டில் வழக்கமாக நடக்கும் தவறுகள் இவை.

பம்பை மாற்றுவது

பம்ப் காற்றை உறிஞ்சி வைக்கும் வேக்கம் டேங்கில் வெற்றிடம் குறைந்தால் வேக்கம் ஸ்விட்ச் பம்பை ஓட்டும். சிறு படகு அமைப்புகளில், வெற்றிடம் சுமார் 10 அங்குலப் பாதரச அளவுக்கு வந்ததும் நிறுத்தும். ஃப்ளஷ் செய்தபின் ஒன்றிரண்டு நிமிடம் ஓடினால் சரிதான். யாரும் பயன்படுத்தாமலே மூன்று மணி நேரத்துக்குள் மறுபடி ஓடினால் எங்கோ காற்று புகுகிறது. அந்தக் கசிவை விட்டுவிட்டுப் போடும் புது பம்பும் ராத்திரி இரண்டு மணிக்கு ஓடத்தான் செய்யும்.

முதலில் கோப்பையில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். தண்ணீர் இறங்கியிருந்தால் கோப்பையின் அடி சீல்தான் காரணம். பெரும்பாலும் சீல் கிழிந்திருக்காது. அதன் அடிவிளிம்பில் காகித நாரோ உப்புப் படிவோ ஒட்டியிருக்கும். பம்பின் மின்சாரத்தை நிறுத்தி, பெடலை மிதித்து வெற்றிடத்தை விட்டுவிட்டு, சிறிய பிரஷ்ஷால் சுற்றிலும் தேய்த்தாலே போதும்.

தண்ணீர் அப்படியே நின்றும் பம்ப் ஓடுகிறதா? டாய்லெட்டிலிருந்து வரும் ஹோஸை வேக்கம் டேங்கில் கழற்றி, டேங்கின் அந்த வாயை ரப்பர் அடைப்பால் இறுக்கி மூடிவிட்டு ஓட்டுங்கள். வெற்றிடம் குறையாமல் இருந்தால் கசிவு ஹோஸிலோ அதன் கிளாம்ப்பிலோ இருக்கிறது. குறைந்தால் டேங்க் இணைப்புகளையும், கழிவை ஒரே திசையில் மட்டும் விடும் பம்பின் டக்பில் ரப்பர் வால்வுகளையும் பாருங்கள். பம்பைச் சந்தேகிப்பதெல்லாம் இதற்குப் பிறகு.

இதைவிட எரிச்சலூட்டுவது ஸ்விட்ச் திருகில் கைவைப்பது. அளவைக் குறைத்தால் சத்தம் அடங்கும், கழிவு பாதி வழியில் தங்கும். கூட்டினாலோ பம்ப் அந்த அளவை எட்ட முடியாமல் ஓடி ஓடிச் சூடேறும்.

டக்பில்லைத் திருப்பிப் போடுவது

வாத்தின் அலகு போன்ற அந்த ரப்பரின் தட்டை வாய், கழிவு போகும் திசையை, அதாவது கழிவு சேரும் ஹோல்டிங் டேங்க் பக்கத்தைப் பார்த்திருக்க வேண்டும். கழற்றியதை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உதடு சேரும் இடத்தில் வெள்ளைப் படிவோ ஒளிக்கீற்றோ தெரிந்தால் அதற்கு ஆயுள் முடிந்தது. பம்பில் நான்கு இருந்தால் நான்கையும் ஒரே நாளில் மாற்றுங்கள். ஒன்றுக்காகத் திறந்தாலும் நாற்றம் அதே நாற்றம்தான். திறப்பதற்கு முன் நல்ல தண்ணீரில் நாலைந்து முறை ஃப்ளஷ் செய்துவிடுங்கள்.

ப்ளீச், பெட்ரோலியம் கிரீஸ்

ரப்பரைக் கெடுக்கும். சிலிக்கான் கிரீஸ் போதும்.

ஈரத் துடைப்பான்

வெட் வைப்ஸ்தான். உறையில் என்ன எழுதியிருந்தாலும் டாய்லெட்டில் போடாதீர்கள்.

தண்ணீரில் கஞ்சத்தனம்

ஒரு ஃப்ளஷ்ஷுக்கு அரை லிட்டர் போதும் என்பது உண்மை. ஆனால் சிறுநீருக்குப் பின்னும் அதே அளவு தண்ணீர் ஹோஸ் வழியாகப் போயாக வேண்டும். இல்லையென்றால் வளைவுகளில் சுண்ணாம்புபோல் படிந்து துவாரம் குறுகும். கடல்நீரில் ஃப்ளஷ் செய்பவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

வென்ட்டை மறப்பது

ஹோல்டிங் டேங்கின் வென்ட், அதாவது காற்றுப்போக்கி, அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறும். பம்ப் திணறும், டக்பில்கள் பின்னோக்கித் தள்ளப்படும். படகைக் கழுவும்போது வெளியிலிருந்து ஹோஸால் வென்ட் வாயில் தண்ணீர் விட்டுப் பாருங்கள். தயங்காமல் உள்ளே போனால் அடைப்பில்லை.