பிளாஸ்டிக் கழிவைப் படம் பார்த்துப் பிரிக்கும் தொட்டியை அமைப்பது எப்படி?

கல்லூரி விடுதி, அலுவலக உணவகம் போன்ற இடங்களில் கேமரா வைத்த குப்பைத் தொட்டியை அமைக்க விரும்புவோர், கருவிகளை வாங்கும் முன் தங்கள் வளாகத்துக் கழிவை எடுத்துச்செல்லும் பழைய பொருள் கடைக்கு ஒருமுறை போய்வர வேண்டும். நிறமற்ற பாட்டில், நிறமுள்ள பாட்டில், பால் கவர், வாளி, டப்பா வகைக் கெட்டிப் பிளாஸ்டிக் என்று அங்கே தனித்தனிக் குவியல்கள் இருக்கும். உள்ளே வெள்ளி நிறத்தில் பளபளக்கும் சிப்ஸ் பாக்கெட்டை மட்டும் பெரும்பாலும் யாரும் விலைக்கு எடுப்பதில்லை. அந்தக் கடைக்காரர் எந்த வகைகளைத் தனியாக வாங்குகிறாரோ அவையே உங்கள் தொட்டியின் வகைகளாக இருக்க வேண்டும். வாங்க ஆளில்லாத வகையைக் கணினி எவ்வளவு நுட்பமாகப் பிரித்தாலும் அது கடைசியில் குப்பைமேட்டுக்குத்தான் போகும்.

அடுத்து, கேமராவால் எதைப் பார்க்க முடியும் என்பதில் தெளிவு வேண்டும். பாட்டிலின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் 1 முதல் 7 வரையிலான எண், அது எந்தப் பிளாஸ்டிக் என்பதைச் சொல்கிறது. ஆனால் அந்த எண் மிகச் சிறியதாகவும், பொருளின் நிறத்திலேயே புடைப்பாகவும் இருப்பதால், சாதாரணக் கேமரா அதைப் படிக்கும் என்று நம்ப முடியாது. பெரிய மறுசுழற்சி ஆலைகள் அகச்சிவப்புக்கு அண்மைய ஒளியைப் பாய்ச்சி, அது திரும்பி வரும் விதத்தை வைத்து வேதியியல் வகையையே கண்டறிகின்றன; அங்கேகூட கரி கலந்த கறுப்புப் பிளாஸ்டிக் ஒளியை விழுங்கிவிடுவதால் தப்பிவிடும். நம் கேமராவுக்குத் தெரிவது வடிவமும் நிறமும் பளபளப்பும் மட்டுமே. ஆகவே கணினிக்கு 'பெட்', 'பிவிசி' என்று பிளாஸ்டிக்கின் வேதியியல் வகைப் பெயரால் கற்பிக்காமல், 'நிறமற்ற பாட்டில்', 'பால் கவர்' என்று கண்ணுக்குத் தெரியும் பொருளாகவே கற்பிக்க வேண்டும். தண்ணீர் பாட்டில்களும் குளிர்பான பாட்டில்களும் பெரும்பாலும் பெட் வகையாகவே இருப்பதால் இது நடைமுறைக்குப் போதும்.

இனித் தொட்டியின் அமைப்பு. ஒரு நேரத்தில் ஒரே பொருள் நுழையும்படி, மூடியுள்ள சிறு அறை ஒன்றை மேலே அமைத்து, அதன் கூரையில் கேமராவையும் எல்இடி பட்டைகளையும் பொருத்துங்கள். வெளிச்சம் நேரடியாக விழுந்தால் கசங்கிய பாட்டிலின் ஒவ்வொரு மடிப்பிலும் வெள்ளைக் கோடு மின்னி அதன் உருவத்தையே குலைத்துவிடும். ஆகையால் விளக்கின் முன் பால் நிற அக்ரிலிக் தகட்டை வைத்து ஒளியைப் பரவவிட வேண்டும். அறையின் தரை வெள்ளையாக இருந்தால் நிறமற்ற பாட்டில் அதில் கரைந்துபோகும். பளபளப்பில்லாத கருநீலமோ அடர்சாம்பலோ பூசினால் அதன் விளிம்புகள் எடுப்பாகத் தெரியும்.

பொருளைக் கீழே உள்ள உரிய அறைக்குத் தள்ளுவது ஒரு சாய்தட்டு. இதற்குப் பலர் வாங்கும் எஸ்ஜி90 என்ற சிறிய சர்வோ மோட்டாரின் (சொன்ன கோணத்துக்குத் திரும்பும் மோட்டார்) திருப்புவிசை சுமார் 1.8 கிலோ-செ.மீ. மட்டுமே. அரை லிட்டர் தண்ணீருடன் ஒரு பாட்டில், அச்சிலிருந்து 10 செ.மீ. தள்ளி விழுந்தால் 5 கிலோ-செ.மீ. தேவைப்படும் என்பதால், எம்ஜி996ஆர் போன்ற வலுவான மோட்டாரையே வாங்குங்கள். அதற்கான மின்சாரத்தை, தொட்டியை இயக்கும் சிறு கணினியான ராஸ்பெர்ரி பை பலகையிலிருந்து எடுக்காமல் தனி மின்வழங்கியிலிருந்து கொடுத்து, இரண்டின் தரை இணைப்பையும் ஒன்றாக்க வேண்டும். தட்டின் அடியில் ஓர் எடை உணரியை வைப்பதும் நல்லது: வெற்று அரை லிட்டர் பாட்டில் சில பத்து கிராம்களைத் தாண்டாது, அதைவிட மிகக் கனமானால் உள்ளே திரவம் இருக்கிறது என்று பொருள், அப்படியானதை மற்ற பாட்டில்களோடு விழவிடக் கூடாது. தொட்டி நிரம்பியதை அறிய தூரம் அளக்கும் எச்.சி-எஸ்ஆர்04 மீயொலி உணரி போதும்; அதன் எக்கோ முனையில் 5 வோல்ட் வருவதால், 3.3 வோல்ட் மட்டுமே தாங்கும் ராஸ்பெர்ரி பையுடன் வோல்ட்டைக் குறைக்கும் மின்தடைகள் வழியாகவே இணையுங்கள்.

உழைப்பில் பெரும்பகுதி, கணினியைப் பயிற்றுவிக்கும் படங்களுக்குத்தான் தேவை. 2016-இல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் உருவாக்கிய டிராஷ்நெட் என்ற குப்பைப் படத் தொகுப்பில் 2,527 படங்கள் இருந்தாலும் பிளாஸ்டிக்கிற்கானவை 482 மட்டுமே. அவையும் வெள்ளைப் பின்னணியில் எடுத்தவை. நம் ஊர்ப் பால் கவரையும் சாம்பார் ஒட்டிய பார்சல் டப்பாவையும் அதில் தேடிப் பயனில்லை. உங்கள் தொட்டியின் கேமராவாலேயே, அதே வெளிச்சத்தில், நசுங்கியது, நனைந்தது, லேபிள் கிழிந்தது என எல்லா நிலைகளிலும் படம் எடுங்கள். வெற்று அறையையும் ஒரு வகையாகச் சேருங்கள். ஒரே பாட்டிலின் பல படங்களில் சில பயிற்சிக்கும் சில சோதனைக்கும் போனால் மதிப்பெண் பொய்யாக உயரும் என்பதால், படம்வாரியாக அன்றிப் பொருள்வாரியாகப் பிரித்து வையுங்கள். பிறகு, படங்களை அடையாளம் காண ஏற்கெனவே பயிற்சி பெற்ற மொபைல்நெட் என்ற கணினி மாதிரியின் கடைசி அடுக்குகளை மட்டும் உங்கள் படங்களால் பழக்கினால் போதும். நிரல் எழுதிப் பழக்கமில்லாதவர்கள் கூகுளின் டீச்சபிள் மெஷின் இணையதளத்தில் இதைச் செய்து, சிறு கணினிகளில் இயங்கும் டென்சர்ஃப்ளோ லைட் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம்.

இந்தத் தொட்டியின் தரத்தை முடிவு செய்வது, சந்தேகம் வந்தால் அது என்ன செய்கிறது என்பதே என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். நிறமற்ற பாட்டில்களுக்கு நடுவே சிறிதளவு பிவிசி கலந்தாலும், உருக்கும்போது அது வெளிவிடும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் மொத்தப் பெட் பிளாஸ்டிக்கின் தரத்தையும் கெடுத்துவிடும்; இரண்டுமே தண்ணீரில் மூழ்குபவை என்பதால் மிதக்கவிட்டுப் பிரிக்கவும் வழியில்லை. ஆகவே மாதிரி தன் விடை எவ்வளவு உறுதி என்று 0 முதல் 1 வரை தரும் நம்பிக்கை மதிப்பு ஒரு வரம்புக்குக் கீழே இருந்தால் (தொடக்கத்தில் 0.85 என்று வைத்துக்கொள்ளலாம்), பொருள் 'சந்தேகம்' என்ற தனி அறைக்குப் போகட்டும். ஒட்டுமொத்தத் துல்லியத்தைப் பார்த்து மகிழாமல், பாட்டில் அறையில் விழுந்தவற்றில் எத்தனை உண்மையில் பாட்டில் என்று எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கை திருப்தியாக இல்லையெனில் வரம்பை உயர்த்துங்கள்.

சந்தேக அறையைக் கையால் பிரிக்கப்போவது தூய்மைப் பணியாளர்தான். அவருக்குக் கையுறையும் வெளிச்சமான மேசையும் கொடுங்கள். பாட்டில் விற்ற காசு இதுவரை அவர்களுக்கே போய்க்கொண்டிருந்தால், தொட்டி வந்த பிறகும் அது அவர்களுக்கே போக வேண்டும். அவர் சரியான வகையைச் சொல்லச் சொல்ல, தொட்டி சேமித்து வைத்த படங்களுக்கு அந்தப் பெயரை இட்டு, மாதம் ஒருமுறை மாதிரியை மீண்டும் பயிற்றுவியுங்கள். மூடி முழுவதும் மூடிய பிறகே கேமரா படம் எடுக்கும்படி ஒரு சுவிட்சை இணைத்துவிட்டால், குப்பை போடுபவரின் முகம் எந்தப் படத்திலும் பதியாது.