போர்க்கால விமானங்களை ஒப்பிட்டு எழுதுவது எப்படி: வெளியேற்று இருக்கையின் தொடக்ககாலச் சோதனைகள் வழியே ஒரு பயிற்சி

பட்டர்வொர்த் விமானத் தளத்தின் ஓசையைக் கேட்டு வளரும் பினாங்குப் பிள்ளைகளுக்குப் போர் விமானங்களின் மீது இயல்பாகவே ஆர்வம் உண்டு. பள்ளி அறிவியல் கண்காட்சிக்காகவோ கட்டுரைப் போட்டிக்காகவோ இரண்டாம் உலகப் போர்க்கால விமானங்களை ஒப்பிட முற்படும் மாணவர்கள் பெரும்பாலும் வேகம், குதிரைத்திறன், துப்பாக்கிகளின் எண்ணிக்கை ஆகியவற்றை அட்டவணையாக்கி, எண்கள் பெரிதாக உள்ள விமானமே சிறந்தது என்று முடித்துவிடுகிறார்கள். அத்தகைய அட்டவணையில் பொறியியல் ஏறக்குறைய இல்லை. இரண்டு விமானங்களை ஒப்பிடுவதென்றால், அவற்றை வடிவமைத்தவர்கள் எந்தச் சிக்கலைத் தீர்க்க முயன்றார்கள், எந்தக் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு அதைச் செய்தார்கள், தங்கள் தீர்வு சரியானதுதான் என்பதை எப்படிச் சோதித்து அறிந்தார்கள் என்பவற்றை ஒப்பிட வேண்டும். இந்தப் பயிற்சிக்கு, எஜெக்‌ஷன் சீட் என்று பரவலாக அறியப்படும் வெளியேற்று இருக்கையைவிடப் பொருத்தமான பொருள் இல்லை என்பது என் உறுதியான கருத்து. ஜெர்மனி, சுவீடன், பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகள் 1940-களில் ஒரே கேள்விக்கு விடை தேடின. அவை எல்லாவற்றுக்கும் எல்லை வகுத்தது மனித முதுகெலும்பு.

முதலில் சிக்கலை எண்களோடு எழுதிக்கொள்ளுங்கள். பறக்கும் விமானத்திலிருந்து வெளியே தலை நீட்டுபவர் மீது மோதும் காற்றின் அழுத்தம், காற்றின் அடர்த்தியில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் கிடைக்கும். கடல் மட்டத்தில் காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.225 கிலோகிராம் என்று கொண்டால், மணிக்கு 250 கி.மீ. வேகத்தில் அந்த அழுத்தம் ஏறத்தாழ 3,000 பாஸ்கல், 500 கி.மீ. வேகத்தில் 11,800 பாஸ்கல், 800 கி.மீ. வேகத்தில் 30,000 பாஸ்கல். கடைசி எண், ஒரு சதுர மீட்டர் பரப்பின் மீது ஏறத்தாழ 3 டன் எடை அழுத்துவதற்குச் சமம். ஸ்பிட்ஃபயர் போன்ற விமானத்தில், மூடியைப் பின்னுக்குத் தள்ளி, பட்டைகளை அவிழ்த்து, விமானத்தைத் தலைகீழாகப் புரட்டிக் கீழே விழுவது விமானிகள் கையாண்ட வழிகளுள் ஒன்று. ஜெட் விமானத்தின் வேகத்தில் அவரால் எழுந்து நிற்கவே இயலாது. எழுந்தாலும் காற்று அவரை நேராக வால் துடுப்பின் மீது வீசிவிடும். ஆகவே உங்கள் குறிப்பேட்டின் முதல் வரி இவ்வாறு அமையலாம்: தன் கைகால்களின் வலிமையால் வெளியேற முடியாத ஒருவரை, வால் துடுப்பைத் தாண்டும் உயரத்திற்கு, முதுகெலும்பு முறியாத வகையில் எழுப்பி அனுப்ப வேண்டும். பின்னர் எழுதும் ஒவ்வொரு குறிப்பும் இந்த வரிக்கு விடை சொல்கிறதா என்று பாருங்கள், சொல்லாதவற்றை அடித்துவிடுங்கள்.

அடுத்ததாக, விமானத்தின் பக்கவாட்டு வரைபடத்தை எடுத்து, விமானியின் இருக்கைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று விரலால் தொட்டுப் பாருங்கள். இந்த எளிய பார்வையே பாதிக் கதையைச் சொல்லிவிடும். ஜெர்மனியின் டோர்னியர் 335 விமானத்தின் வாலில் இரண்டாவது சுழலி (புரொப்பல்லர்) சுழன்றது. அதனால் விமானி வெளியேறும் முன் பின் சுழலியையும் மேல் துடுப்பையும் வெடித்துக் கழற்றிவிடும் ஏற்பாட்டோடு வெளியேற்று இருக்கையும் சேர்க்கப்பட்டது. ஹைங்கல் 162-இன் ஜெட் இயந்திரம் விமானியின் தலைக்குப் பின்னால் உடலின் முதுகில் ஏற்றப்பட்டிருந்தது. ஹைங்கல் 219 இரவு வேட்டை விமானத்தில் இருவரும் மூக்குப் பகுதியில், சுழலிகளுக்கு முன்னால் அமர்ந்திருந்தனர். சுவீடனின் சாப் 21-இல் சுழலி விமானியின் பின்புறத்தில் இருந்தது. ஜெட் வேகம் வரும் முன்பே பிஸ்டன் இயந்திர விமானமான சாப் 21-க்கு இந்த இருக்கை ஏன் தேவைப்பட்டது என்பது வரைபடத்திலிருந்தே விளங்குகிறது. வேகத்தை மட்டும் எழுதிய அட்டவணையில் அது விளங்கவே விளங்காது.

மூன்றாவதாக, இருக்கையை எழுப்பும் ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். ஜெர்மனியின் ஹைங்கல் 280 ஜெட் விமானத்திலும் 219-இலும் அழுத்தப்பட்ட காற்று பயன்பட்டது. ஹைங்கல் 162-இல் வெடிமருந்துத் தோட்டா வந்தது. அழுத்தக் காற்றுக்குக் கனமான உருளைகளும் கசியாத குழாய்களும் வேண்டும். தோட்டா எடை குறைந்தது, ஆனால் அதன் உந்துதல் திடீரென்று எழுவது. இங்கே படிவம் 4 இயற்பியலில் வரும் சமன்பாடு ஒன்றே போதும்: ஓய்விலிருந்து புறப்படும் பொருளின் இறுதி வேகத்தின் வர்க்கம், முடுக்கத்தையும் தூரத்தையும் பெருக்கியதன் இருமடங்கு. இருக்கை வினாடிக்கு 18 மீட்டர் வேகத்தில் வெளியேற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதைத் தள்ளும் குழாயின் நீளம் அரை மீட்டர் என்றால் சராசரி முடுக்கம் புவியீர்ப்பைப் போல 33 மடங்கு, அதாவது 33 ஜி. ஒரு மீட்டர் என்றால் 16.5 ஜி, ஒன்றரை மீட்டர் என்றால் 11 ஜி. இவை சீரான முடுக்கத்தைக் கற்பித்துக்கொண்டு கண்ட சராசரிகள். உண்மையான இருக்கையில் உச்சம் இவற்றைவிட உயரும். ஆயினும், குழாயின் நீளத்தைக் கூட்டுவது ஏன் உயிர் காக்கும் முடிவு என்பதும், சிறிய விமானி அறைக்குள் அந்த நீளத்தைத் தேடுவது ஏன் கடினம் என்பதும் இந்தக் கணக்கிலேயே வெளிப்பட்டுவிடுகின்றன. மாணவர்களே தாளில் இதைப் போட்டுப் பார்க்க வேண்டும்; விடையை ஆசிரியர் கரும்பலகையில் எழுதித் தந்துவிடக் கூடாது.

நான்காவது படி சோதனைகளைப் படிப்பது. அதிக நேரம் செலவிட வேண்டியது இதில்தான். இதற்கு மார்ட்டின்-பேக்கர் நிறுவனத்தின் வரலாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டர்வொர்த்திலிருந்து பறக்கும் ஹார்னெட் விமானங்களின் இருக்கைகளும் அந்த நிறுவனத்தின் வழிவந்தவையே. நிறுவனர் ஜேம்ஸ் மார்ட்டினின் தொழில் பங்குதாரரான கேப்டன் வாலன்டைன் பேக்கர், 1942 செப்டம்பர் 12 அன்று எம்.பி.3 விமானத்தைச் சோதித்துப் பறக்கையில் இயந்திரம் நின்று, விபத்தில் இறந்தார். விமானியின் பாதுகாப்பு மார்ட்டினின் மனத்தை முழுமையாகப் பற்றிக்கொண்டது. 1944-இல் பிரிட்டனின் விமான உற்பத்தி அமைச்சு அவரை அணுகியபோது, விமானத்தின் முதுகில் பொருத்திய நீண்ட கை ஒன்று விமானியைத் தூக்கி வெளியே வீசும் என்பதே அவரது முதல் யோசனையாக இருந்தது. பின்னர் அதைக் கைவிட்டு, இருக்கையோடு சேர்த்து விமானியை வெடிமருந்தால் மேல்நோக்கிச் செலுத்தும் முறைக்கு மாறினார்.

1945 ஜனவரி 20 அன்று, 16 அடி உயரச் சாய்வுச் சட்டத்தில் 200 ராத்தல் எடையுள்ள பொம்மை முதலில் ஏற்றப்பட்டது. நான்கு நாள் கழித்து, ஜனவரி 24 அன்று, அந்நிறுவனத்தின் ஃபிட்டரான பெர்னார்ட் லிஞ்ச் தாமே அமர்ந்து 4 அடி 8 அங்குலம் உயர்ந்தார். அடுத்தடுத்த சோதனைகளில் வெடிமருந்தின் அளவு கூட்டப்பட்டு, 10 அடியை எட்டியபோது உடலில் கடுமையான வேதனை தொடங்குவதை அவர் தெரிவித்தார். பின்னர் அமர்ந்த ஒருவருக்கு முதுகெலும்பில் காயமே ஏற்பட்டது. மார்ட்டின் வெடிமருந்தின் அளவை மட்டும் குறைத்து நிறைவடையவில்லை. முதுகெலும்பின் அமைப்பையே படித்தார். உச்ச முடுக்கம் எவ்வளவு என்பதோடு, அது எவ்வளவு விரைவாக ஏறுகிறது என்பதும் காயத்தைத் தீர்மானிக்கிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார். அவர் வகுத்த எல்லைகள் இவை: உச்சம் 21 ஜி-யைத் தாண்டக் கூடாது, அது வினாடியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நீடிக்கக் கூடாது, ஏறும் வீதம் வினாடிக்கு 300 ஜி-யை மிஞ்சக் கூடாது. 21-ஐ 300-ஆல் வகுத்துப் பாருங்கள்: உச்சத்தை எட்டக் குறைந்தது 0.07 வினாடியாவது ஆக வேண்டும். இதற்காகவே முதல் தோட்டா இருக்கையை மெல்ல அசைக்க, உந்துதண்டு சிறிது உயர்ந்தபின் இரண்டாவது தோட்டா பற்றிக்கொள்ளும் அமைப்பு உருவானது. தலைக்கு மேலுள்ள கைப்பிடியை இழுத்தால் முகத்தை மூடிக்கொண்டு இறங்கும் திரையும் இதே சிந்தனையின் விளைவு. அது காற்றிலிருந்து முகத்தைக் காப்பதோடு, இழுப்பவரின் முதுகை நேராக நிமிர்த்தியும் விடுகிறது. ஒரு கைப்பிடியில் இரண்டு பணிகளை அடக்கிய இந்த வடிவமைப்பை நான் பெரிதும் மதிக்கிறேன்.

அதன்பின் 65 அடிக் கோபுரம் எழுந்தது. 1945 மே மாதம் பறக்கும் டெஃபையன்ட் விமானத்திலிருந்து பொம்மை வெளியேற்றப்பட்டது. 1946 ஜூன் 24 அன்று மீட்டியோர் ஜெட் விமானத்திலிருந்து பொம்மை. ஒரு மாதம் கழித்து, 1946 ஜூலை 24 அன்று, 8,000 அடி உயரத்தில் மீட்டியோரின் பின் இருக்கையிலிருந்து லிஞ்ச் தாமே வெளியேறி, பாராசூட் விரித்து நலமாக இறங்கினார். 1949 மே 30 அன்று, வாலில்லா விமானமான ஏ.டபிள்யு.52 கட்டுப்பாட்டை இழந்தபோது, ஜோ லங்காஸ்டர் என்ற சோதனை விமானியை இந்த இருக்கை காப்பாற்றியது.

இந்த வரிசையை ஒவ்வொரு நாட்டுக்கும் எழுதுங்கள். ஒவ்வொரு சோதனைக்கும் என்ன ஏற்றப்பட்டது, எதிலிருந்து, என்ன வேகத்தில், அதன்பின் வடிவமைப்பில் என்ன மாறியது என்று குறியுங்கள். கடைசிக் கட்டம் வெறுமையாக இருந்தால் அந்தச் சோதனையை நீங்கள் இன்னும் புரிந்துகொள்ளவில்லை என்று பொருள், மீண்டும் படியுங்கள்.

யார் முதலில் செய்தவர் என்ற விவாதம் மாணவர்களிடையே எப்போதும் எழும். அதைத் தவிர்க்க வேண்டாம். ஆனால் ‘முதல்’ என்ற சொல்லைத் தனியே நிற்க விடாதீர்கள். ருமேனியாவின் அனஸ்டாஸே டிராகோமிர் விமானியை இருக்கையோடு வெளியேற்றும் கருவியை 1929-இலேயே பிரான்சில் சோதித்தார். உண்மையான ஆபத்தில் இருக்கையால் முதலில் உயிர் பிழைத்தவர் ஷெங்க் என்ற ஜெர்மன் சோதனை விமானி. 1942 ஜனவரி 13 அன்று, வேறு விமானங்களால் இழுத்துச் செல்லப்பட்ட ஹைங்கல் 280-இல் பனி உறைந்து, இழுவைக் கயிற்றை விடுவிக்க முடியாமல் போனபோது அவர் வெளியேறினார். படையில் சேர்க்கப்பட்ட விமானங்களுள் இந்த இருக்கையோடு வந்த முதலாவது ஹைங்கல் 219. சுவீடனில் சாப் 17 விமானத்திலிருந்து பொம்மைகளை வெளியேற்றிச் சோதித்தபின், 1946 ஜூலை 29 அன்று, நடுவானில் மோதிய சாப் 21-இலிருந்து பெங்த் யொஹான்சன் தப்பினார். அமெரிக்காவில் 1946 ஆகஸ்ட் 17 அன்று சார்ஜன்ட் லாரி லம்பர்ட் பி-61 விமானத்திலிருந்து சோதனையாக வெளியேறினார். ஒவ்வொரு முதன்மைக்கும் ஓர் அடைமொழி தேவைப்படுகிறது. அடைமொழிகளைச் சரியாக எழுதிவிட்டால் விவாதம் தானே தீர்ந்துவிடும்.

இனி இதே முறையை முழு விமானத்துக்கும் பயன்படுத்துங்கள். நமக்கு அருகிலுள்ள எடுத்துக்காட்டு, 1941 டிசம்பரில் சுங்கைப் பட்டாணியிலும் பட்டர்வொர்த்திலும் இருந்த பிரூஸ்டர் பஃபலோ. ஜார்ஜ்டவுன் மீது குண்டு விழுந்த அந்த டிசம்பரைப் பற்றிப் பேசும்போது, பஃபலோ மோசமான விமானம் என்ற ஒரே சொல்லோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் ஃபின்லாந்து விமானிகள் ஏறக்குறைய அதே விமானத்தை வைத்துச் சோவியத் விமானங்களுக்கு எதிராகச் சிறப்பாகப் போரிட்டார்கள். ஃபின்லாந்துக்குச் சென்றது எடை குறைந்த முந்தைய வகை; மலாயாவுக்கு வந்ததில் கவசமும் கருவிகளும் கூடி எடை ஏறியிருந்தது, உயரத்தில் எரிபொருள் அழுத்தம் குறைந்து விமானிகள் கைப்பம்பை இயக்க வேண்டியிருந்தது. எதிரே வந்த ஜப்பானின் கி-43 ஹயபுசாவோ, கவசத்தையும் துப்பாக்கிகளையும் குறைத்து, எடையைச் சேமித்து, திரும்பும் திறனைப் பெற்றது. ஒரு தரப்பு விமானியைச் சுற்றி எஃகை வைத்தது. மறுதரப்பு அந்த எடையை மறுத்தது. இந்த இரு முடிவுகளையும் அவற்றுக்குக் கொடுத்த விலையையும் பக்கம்பக்கமாக எழுதினால் அதுவே ஒப்பீடு. மெசர்ஷ்மிட் 262-ஐயும் மீட்டியோரையும் ஒப்பிடும்போதும் அப்படியே: ஜெர்மனிக்கு நிக்கலும் குரோமியமும் அரிதாக இருந்ததால் 262-இன் யுமோ 004 ஜெட் இயந்திரத்தின் ஆயுள் 10 முதல் 25 மணி நேரமாகச் சுருங்கியது என்பதை எழுதாமல், 262 மீட்டியோரைவிட வேகமானது என்று மட்டும் எழுதுவது பாதி உண்மை.

கடைசியாக அலகுகளைச் சரிபாருங்கள். மைலையும் கிலோமீட்டரையும் கலக்காமல் இருப்பது மட்டும் போதாது. லிஞ்ச் வெளியேறியபோது வேகம் மணிக்கு 320 மைல் என்று பதிவாகியுள்ளது. அது விமானத்தின் வேகமானி காட்டியது, அதாவது ஏறத்தாழ 515 கி.மீ. 8,000 அடி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதில் 79 விழுக்காடுதான் என்பதால், விமானம் காற்றினூடே உண்மையில் சென்ற வேகம் ஏறத்தாழ 580 கி.மீ. ஆனால் அவர் உடல் மீது மோதிய காற்றின் அழுத்தத்தைக் கணக்கிட வேகமானி காட்டிய எண்ணையே, கடல் மட்ட அடர்த்தியோடு சேர்த்துப் பயன்படுத்த வேண்டும். ஆகவே அட்டவணையில் ஒவ்வொரு வேகத்தின் அருகிலும் அது காட்டிய வேகமா, உண்மை வேகமா என்று குறியுங்கள். நீங்கள் படித்த நூல் அதைச் சொல்லவில்லை என்றால், ஊகித்து நிரப்பாமல் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு, அந்த எண்ணை வேறு எண்ணோடு ஒப்பிடுவதைத் தவிருங்கள்.