சைவநெறி கற்பிக்க வரும் புதிய ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற தவணை ஒரு பாடசாலையில் தரம் 7 சைவநெறி வகுப்பின் கடைசி வாங்கில் இருந்தேன். நியமனம் பெற்று ஒரு வருடம்கூட ஆகாத ஆசிரியை. ‘மாசில் வீணையும்’ என்ற அப்பர் தேவாரத்தை அவர் வரி வரியாகப் பாட, பிள்ளைகள் திருப்பிப் பாடினார்கள். ராகம் பிசகவில்லை, முப்பது குரலும் ஒன்றாகவே எழுந்தன. மணி அடித்தது, வகுப்பு முடிந்தது. இதைப் பாடியவர் எங்கே இருந்துகொண்டு பாடினார் என்ற பேச்சே அந்த நாற்பது நிமிடத்தில் எழவில்லை. இருபத்தைந்து வருடத்துக்கு முன் என் வகுப்பும் அப்படியேதான் இருந்தது. அன்று முழுவதும் மனம் ஆறவில்லை.

பிந்தி வருவது, பாடக்குறிப்பு எழுதாதது பற்றியெல்லாம் அதிபர் சொல்வார். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பொருள் சொல்லாமல் மனனம் செய்வித்தல்

தவணைப் பரீட்சைக்கு நானே வினாத்தாள் தயாரித்த காலம். பாடலைப் பூர்த்தி செய்யும் வினாவை மறக்காமல் சேர்ப்பேன். அதனால் பாட்டைப் பிழையின்றி எழுதினால் போதும் என்று பிள்ளைகளும் நினைத்தார்கள், நானும் நினைத்தேன். என் வகுப்பில் புள்ளிகள் நன்றாகவே வந்தன.

பல வருடம் கழித்து, அந்த வகுப்பில் படித்த ஒருத்தி தன் மகனின் கொப்பியுடன் வீட்டுக்கு வந்தாள். தேவாரத்துக்குப் படம் வரையும் வீட்டுவேலை. மகன் ஒரு குளம் வரைந்து, கரையில் கதவும் யன்னலும் வைத்து ஒரு சின்ன அறை கட்டியிருந்தான். அறைக்குள் கறுப்புப் புள்ளிகளாக வண்டுகள். ‘மூசு வண்டறை பொய்கை’ அவனுக்கு வண்டுகள் குடியிருக்கும் அறையாகிவிட்டது. “நான்தான் அப்படிச் சொல்லிக் கொடுத்தேன், ரீச்சர். பிழையா?” என்று கேட்டாள். அறைதல் என்றால் ஒலித்தல். மொய்க்கும் வண்டுகள் ரீங்காரமிடும் பொய்கை அது. இதைச் சொல்ல எனக்கு அரை நிமிடம்தான் பிடித்தது. அந்த அரை நிமிடத்தை அவளுடைய பதினோராவது வயதில் நான் கொடுக்கவில்லை. பிழை ஒரு தலைமுறை தாண்டி அந்தக் கொப்பியில் வந்து நின்றது.

இன்னும் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது. நீற்றறையில், அதாவது சுண்ணாம்புக் காளவாயில், ஏழு நாள் பூட்டி வைக்கப்பட்டபோது அப்பர் என்ற நாவுக்கரசர் இதைப் பாடினார் என்பது பெரியபுராணம் சொல்லும் வரலாறு. வெந்து நீறாக வேண்டிய இடத்தில் இருந்துகொண்டு வீணை, மாலை நிலவு, தென்றல், இளவேனில், குளிர்ந்த பொய்கை என்று ஒருவர் பாடுகிறார். ஈசனின் இணையடி நிழல் அப்படிக் குளிர்கிறதாம். காளவாயைச் சொல்லாமல் பாட்டை மட்டும் கொடுத்தால் பிள்ளைக்கு அந்த நிழலின் அருமை எப்படித் தெரியும்?

நேரமில்லை என்பார்கள். நேரம் இருக்கிறது. முதலில் வரலாறு. அடுத்து, ‘மாசு இல் வீணை’, ‘வீங்கு இள வேனில்’, ‘மூசு வண்டு அறை பொய்கை’ என்று பதம் பிரித்துக் கரும்பலகையில் எழுதுங்கள். இதில் காதுக்கு எது, கண்ணுக்கு எது, உடம்பில் படுவது எது என்று கேளுங்கள். பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். அதற்குப் பிறகு பாடுங்கள். அப்போது மனனம் செய்யச் சொல்லவே தேவையிராது. ‘சொல்லிய பாட்டின் பொருளுணர்ந்து சொல்லுவார்’ என்று சிவபுராணத்தைத் தினமும் காலையில் ஓதுவித்துவிட்டு, வகுப்புக்குள் போய் அதற்கு நேர்மாறாக நடக்கிறோம். எனக்கு இன்றைக்கும் கோபம் வருவது இதற்காகத்தான்.

டிமைத் தாளை நிரப்பினால் அது செயற்பாடு ஆகாது

2007இல் தேர்ச்சி மையக் கலைத்திட்டம் வந்தபோது, ஆசிரியர் பேச்சைக் குறைத்துப் பிள்ளை தானே தேடிக் கண்டறிய வேண்டும் என்றார்கள். நல்ல நோக்கம். நாங்கள் செய்தது என்ன? நாலு குழு, டிமை என்ற பெரிய தாள் நாலு, நாலு நிறப் பேனை. பாடநூலில் இருந்த பந்தி அப்படியே தாளுக்குப் போனது. கையெழுத்து அழகான பிள்ளை எழுதியது. மற்றவர்கள் மூலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். குழுவேலை கொடுத்தால் பாடநூலில் விடை இல்லாத கேள்வியாகக் கொடுங்கள். ஊர்க் கோயில் தேரை யார் செய்தார்கள், எந்த மரத்தில், எப்போது? அப்பப்பாவிடமும் குருக்களிடமும் கேட்டுக்கொண்டு வரட்டும்.

பாடவேளையைக் கணிதத்துக்குத் தானம் செய்தல்

ஒரு தடவை கொடுத்தால் ஒவ்வொரு தவணையும் கேட்பார்கள். கொடுக்காதீர்கள்.

பஞ்சபுராணத்தைத் தண்டனையாக்குதல்

பிந்தி வந்த பிள்ளையை மேடையேற்றி, தேவாரம், திருவாசகம் முதலான அந்த ஐந்து பாடல்களையும் ஓத வைக்காதீர்கள்.

மற்றச் சமயப் பிள்ளையைச் சும்மா இருத்திவைத்தல்

நம் இலங்கையில் ஒவ்வொரு பிள்ளையும் தன் சமயத்தையே பாடமாகப் படிக்கிறது, க.பொ.த. சாதாரண தரத்தில் அதற்குத் தோற்றவும் வேண்டும். ஆனால் சிறிய பாடசாலையில் கத்தோலிக்க பாடத்துக்கு ஆசிரியர் இருக்கமாட்டார். என் வகுப்பில் அப்படி ஒரு பையன் இரண்டு வருடம் யன்னலோரம் இருந்தான். சத்தம் போடாத நல்ல பிள்ளை என்று நினைத்து விட்டுவிட்டேன். முதலாம் தவணையின் முதல் வாரத்திலேயே அதிபரிடம் பேசுங்கள். அந்தப் பிள்ளைக்குரிய பாடநூல் கைக்கு வந்துவிட்டதா என்று பாருங்கள். பங்குத் தந்தையிடம் சொன்னால் மறைக்கல்வி ஆசிரியர் ஒருவர் கிடைக்கக்கூடும். அதுவரை நீங்களே ஒவ்வொரு கிழமையும் அவன் கொப்பியை வாங்கிப் பாருங்கள்.