உப்புக் காற்றில் திணறிய லென்ஸ்: சரிசெய்த விதம்

கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் படமெடுத்த பிறகு என் கேமராவின் 50 மி.மீ. லென்ஸில் ஃபோகஸ் முன்னும் பின்னும் அலைந்தது. திரையில் அபர்ச்சர் (ஒளி நுழையும் துளை அளவு) எண் வர வேண்டிய இடத்தில் வெறும் 00. மோட்டார் பழுதாகவில்லை, மவுண்டில் (லென்ஸும் கேமராவும் இணையும் வளையத்தில்) இருக்கும் தங்க நிற மின் கான்டாக்ட்களில் உப்புப் படலம்.

முதலில் வேறு லென்ஸை மாட்டிப் பாருங்கள். அதிலும் இதே கோளாறு என்றால் கேமரா பாடிப் பக்கம், இல்லையென்றால் லென்ஸ் பக்கம்.

சுவிட்சை அணைத்து, பேட்டரியை எடுத்துவிட்டு, பாடியின் வாய் கீழே பார்க்கும்படி பிடித்து லென்ஸைக் கழற்றவும். பலர் நேராக ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை எடுப்பார்கள். அதில் உப்பு சரியாகக் கரையாது. நூல் பிரியாத துணியின் முனையை டிஸ்டில்டு வாட்டரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, ஒரே திசையில் துடையுங்கள். அடுத்து வேறு துணியில் 99% ஆல்கஹால். பாடியிலுள்ள பின்கள் ஸ்பிரிங்கில் நிற்பவை, அழுத்தினால் போச்சு. பென்சில் ரப்பர் வேண்டவே வேண்டாம்: தங்க முலாம் தேயும், துகள் உள்ளே சென்சார் வரை போகும். பத்து நிமிடம் காயவிட்டு மாட்டியதும் 00 மறைந்து 1.8 வந்தது. அப்படியும் வராவிட்டால் லென்ஸுக்குள் ஃபிளெக்ஸ் கேபிளை (வளையும் மெல்லிய மின்பட்டையை)ச் சந்தேகிக்கலாம். அது மெக்கானிக் வேலை.

முன் கண்ணாடிக்கும் இதே வரிசைதான், ஆனால் புளோயரால் (காற்றடிக்கும் ரப்பர் பந்தால்) தூசியை ஊதிய பிறகு. துகளோடு தேய்த்தால் கோட்டிங்கில் கீறல் விழும்.

வைப்பதற்கு இறுக்கமான மூடியுள்ள டப்பா, சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பதமானி. டப்பாவுக்குள் ஈரப்பதம் 40-50% போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஜெல் சீக்கிரம் நிறம் மாறும், மறக்காமல் பாருங்கள். தோல் உறையில் மூடி வைக்காதீர்கள். பூஞ்சைக்கு அது விருந்துச் சாப்பாடு.