லண்டன் வீட்டுக்குக் கண்ணாடிப் பத்தி இறக்கப் போகிறவர்களுக்கு

எங்கள் ஊரில் வீட்டில் இடம் காணாவிட்டால் ஒரு பக்கம் பத்தி இறக்குவோம். மேசனைக் கூப்பிட்டு விறாந்தையில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, நாலு தூண், இத்தனை பை சீமெந்து, மேலே ஓடோ தகரமோ என்று கதைத்து முடித்தால் அடுத்த கிழமை வேலை தொடங்கிவிடும். இங்கிலாந்துக்குப் போய் வீடு வாங்குகிற எங்கள் ஆட்களுக்குக் கொன்சவேற்றரி என்றதும் மனதில் வருவதும் அந்தப் பத்திதான். வீட்டின் பின்பக்கத்தோடு ஒட்டி, கண்ணாடிச் சுவரும் கண்ணாடிக் கூரையுமாகக் கட்டுகிற அறை அது. பார்வைக்கு லேசான வேலையாகத் தெரியும். செலவு லேசில்லை.

நான் லண்டன் ஹரோவில் 23 வருடம் இருந்துவிட்டு இப்போது யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் இருக்கிறேன். அங்கே போன மருமக்களும் அயலட்டைப் பிள்ளைகளும் வீடு வாங்கிய கையோடு கொட்டேசனைப் படம் எடுத்து அனுப்பி, "மாமா, இது நியாயமான விலையோ?" என்று கேட்கிறார்கள். போன மாதம் ஒரு மருமகன் அனுப்பியதில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: கொன்சவேற்றரி, மூன்று மீற்றருக்கு மூன்று மீற்றர், 12,000 பவுண்ஸ். அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். அந்த ஒற்றை வரியில் என்ன எழுதப்படவில்லையோ, அதுதான் பிறகு உங்கள் கையைக் கடிக்கப் போகிறது.

முதலில், கட்டுவதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறதா என்று பாருங்கள். மாடிக் குடியிருப்பு என்றால், அனுமதி கேட்காமல் கட்டுகிற சலுகை கிடையாது. நிலம் வேறொருவருடையதாக இருந்து நீண்ட காலக் குத்தகையில் வாங்கிய லீஸ் வீடு என்றால் நிலச் சொந்தக்காரர் சம்மதிக்க வேண்டும். புதிதாகக் கட்டிய குடியிருப்புத் திட்டங்களில், வீடு தனி வீடாக இருந்தாலும், உறுதிப் பத்திரத்திலோ கவுன்சில் என்கிற உள்ளூர்ச் சபை கொடுத்த அனுமதியிலோ பின்பக்கம் ஒன்றும் சேர்க்கக் கூடாது என்று நிபந்தனை இருக்கக்கூடும். வீடு வாங்கும்போது சட்டத்தரணி அனுப்பிய அந்தத் தடித்த கட்டுக்குள் அது கிடக்கும். எடுத்து வாசியுங்கள். வாடகை வீட்டில் இருக்கிறவர்கள் இதை இப்போதைக்கு வைத்துக்கொண்டு, வாங்குகிற காலத்தில் வாசித்தால் போதும்.

சரி, விலை. சென்ற இரண்டு வருடங்களில் லண்டனிலும் சுற்றுப்புறத்திலுமிருந்து எனக்கு வந்த கொட்டேசன்களை வைத்துச் சொல்கிறேன். ஒரு பக்கம் சாய்ந்த கூரையும் பிளாஸ்ரிக் சட்டமுமாக ஒன்பது சதுர மீற்றர் அளவில் கட்டுவதற்குப் பத்தாயிரம் முதல் பதினாலாயிரம் பவுண்ஸ். கீழே இரண்டரை அடிச் செங்கல் சுவர், மேலே நல்ல கண்ணாடிக் கூரை, அளவும் கொஞ்சம் பெரிது என்றால் பதினேழிலிருந்து இருபத்துநாலாயிரம். ஓடு போட்ட மூடிய கூரை என்றால் அதற்கும் மேலே. தடித்த தூண்களும் நடுவில் மட்டும் கண்ணாடியுமாக வருகிற ஓறஞ்சறி வகை முப்பதாயிரத்தில்தான் தொடங்குகிறது. இவற்றை ரூபாயாக்கிப் பார்க்காதீர்கள். பார்த்தால் ஒன்றில் பயந்து விட்டுவிடுவீர்கள், அல்லது இத்தனை லட்சம் போடுகிறோமே என்று தேவையில்லாத அலங்காரமெல்லாம் சேர்ப்பீர்கள். அங்கே உழைக்கிற காசை அங்கத்தைய சம்பளத்தோடும் வீட்டுக் கடனோடும் வைத்துப் பார்ப்பதுதான் முறை.

இந்த விலைகளைக் கேட்கும்போது முதல் கேள்வி, வற் வரி உள்ளேயா வெளியேயா என்பது. இருக்கிற வீட்டோடு சேர்த்துக் கட்டும் வேலைக்கு 20 வீதம் வற் உண்டு. 15,000 என்று எழுதி அடியில் சின்ன எழுத்தில் "வற் தனி" என்று போட்டிருந்தால் நீங்கள் கொடுக்கப் போவது 18,000. என் மருமகனின் 12,000-உம் அப்படித்தான். கேட்ட பிறகுதான் 14,400 என்று வந்தது.

நிலத்துக்குக் கீழே இருப்பது

யாழ்ப்பாணத்தில் அத்திவாரம் வெட்டினால் பல இடங்களில் இரண்டு மூன்று அடியிலேயே சுண்ணாம்புக் கல் தட்டுப்படும். மேசன், "இனிக் காணும்" என்று மண்வெட்டியை வைத்துவிடுவார். கல்லின் மேல் நிற்கிற வீடு அசையாது. அந்தப் பழக்கத்தோடு லண்டன் மண்ணைப் பார்க்கக் கூடாது. அங்கே பெரும்பகுதி களிமண். கோடையில் காய்ந்து சுருங்கும், மாரியில் நீர் குடித்து வீங்கும். பக்கத்தில் பெரிய மரம் நின்றால் வேர் நீரை உறிஞ்சி இன்னும் சுருங்க வைக்கும். மேலாகக் கொங்கிறீற் ஊற்றி அதன் மேல் கண்ணாடி அறையை நிறுத்தினால், நாலு வருடத்தில் அது வீட்டுச் சுவரிலிருந்து விலகி, சேர்கிற இடத்தில் விரல் நுழைகிற வெடிப்பு விழும். அப்படி விழுந்த வீடுகளை என் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். ஆகவே அத்திவாரம் எத்தனை ஆழம், எத்தனை தடிப்பு, ஈரம் ஏறாமல் என்ன தாள், குளிருக்கு என்ன மட்டை என்று கொட்டேசனில் எழுதி வாங்குங்கள். களிமண்ணில் ஒரு மீற்றர் என்பது வழக்கமான ஆழம். மரம் இருந்தால் கூடும். நிலவேலைக்கு மட்டும் மூவாயிரம், நாலாயிரம் பவுண்ஸ் போவதில் ஆச்சரியமில்லை. இதில் விலை குறைக்கச் சொல்லிப் பேரம் பேசாதீர்கள்.

அடுத்தது கழிவுநீர்க் குழாய். பழைய வரிசை வீடுகளிலும் இரட்டை வீடுகளிலும், நாலைந்து வீட்டுத் தண்ணீர் சேர்ந்து ஓடும் குழாய் பின்வளவு வழியாகவே போகும். 2011 ஒக்ரோபரிலிருந்து இப்படிப் பங்குபோட்ட குழாய்கள், உங்கள் காணிக்குள் கிடந்தாலும், தண்ணீர்க் கொம்பனியின் சொத்து. அதற்கு மூன்று மீற்றருக்குள் கட்டுவதென்றால் அவர்களுடைய சம்மதம் வேண்டும். லண்டனில் பெரும்பாலும் தேம்ஸ் வோட்டர். மான்ஹோல் மூடி அறைக்குள் வருகிற மாதிரிக் கட்ட விடமாட்டார்கள், வெளியே நகர்த்தச் சொல்வார்கள்.

இதை நான் பட்டு அறிந்தேன். 2006-ல் எங்கள் வீட்டில் கட்டியபோது, அளக்க வந்தவர் பூந்தொட்டியின் கீழே இருந்த மூடியைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. தோண்டிய பிறகுதான், இது ஒப்பந்தத்தில் இல்லை, இன்னும் 1,400 பவுண்ஸ் என்றார்கள். பின்வளவு முழுக்கக் கிடங்காகக் கிடந்தது, மனைவி ஏழு மாதக் கர்ப்பம். கொடுக்காமல் என்ன செய்வது? இன்றைக்கும் அது எனக்கு ஆறவில்லை. அதனால்தான் ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன்: அளக்க வருகிறவரை மூடியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள், பார்த்ததை எழுதச் சொல்லுங்கள்.

வெயிலும் குளிரும்

குளிருக்குப் பயந்த எங்களுக்குக் கண்ணாடி அறை என்றால் வெயில் காயலாம் என்ற ஆசை வரும். எனக்கும் வந்தது. மலிவு என்று பொலிகாபனேற் என்கிற பிளாஸ்ரிக் தகட்டில் கூரை போட்டேன். மழை பெய்தால் தகரக் கொட்டிலுக்குள் கார்த்திகை மாரியில் இருந்த மாதிரிச் சத்தம், ஆள் கதைப்பது கேட்காது. தையில் உள்ளே மூச்சுவிட்டால் புகை வரும். 2022 ஜூலை 19 அன்று இங்கிலாந்தில் முதல்தடவையாக வெப்பம் 40 பாகையைத் தாண்டியது. அன்று மத்தியானம் தெற்குப் பார்த்த எங்கள் அறைக்குள் கால் வைக்க முடியவில்லை, கறிவேப்பிலைக் கன்று தொட்டியோடு கருகிவிட்டது.

ஆகவே வீடு வாங்கிய முதல் வருடம் கட்டாதீர்கள். ஒரு கோடையும் ஒரு மாரியும் போகட்டும். பின்வளவில் எத்தனை மணிக்கு எங்கே வெயில் விழுகிறது என்று பாருங்கள். தெற்கும் மேற்கும் பார்த்த பக்கமென்றால் வெயிலைத் தடுக்கும் பூச்சுள்ள கண்ணாடிக்கு ஆயிரம் இரண்டாயிரம் கூடக் கொடுப்பது வீணில்லை. வடக்குப் பக்கமென்றால் சூடாக்கும் செலவைக் கணக்கில் எடுங்கள். ஓட்டுக் கூரை வெயிலையும் சத்தத்தையும் நன்றாகக் குறைக்கும், ஆனால் அதைப் போட்டால் கட்டட விதிகளின் விலக்கு போய்விடும்.

அந்த விலக்கு என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் நில மட்டத்தில், 30 சதுர மீற்றருக்குள், வீட்டுக்கும் அதற்கும் இடையில் வெளிக்கதவுத் தரத்தில் கதவும் சுவரும் இருந்து, சூடாக்குவதும் தனியாக இருந்தால், கொன்சவேற்றரி கட்டட விதிச் சோதனைக்குப் போக வேண்டியதில்லை. கண்ணாடியும் மின்சாரமும் மட்டும் விதிப்படி இருக்க வேண்டும். எங்கள் ஆட்கள் செய்கிற பிழை இரண்டு. அறை பெரிதாகத் தெரிய நடுக்கதவைக் கழற்றிவிடுவார்கள். வீட்டு ஹீற்றிங்கிலிருந்து ஒரு றேடியேற்றரை இழுத்து உள்ளே வைப்பார்கள். இரண்டில் எதைச் செய்தாலும் விலக்கு இல்லை. விற்கிற நேரம் வாங்குகிறவரின் சட்டத்தரணி பத்திரம் கேட்பார், உங்களிடம் இருக்காது. நீங்கள் வாங்கப் போகிற வீட்டில் ஏற்கெனவே ஒன்று நின்றால், நீங்களும் இதையே கேளுங்கள்.

திட்ட அனுமதியைப் பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். இங்கிலாந்தில் வரிசை வீட்டுக்கும் இரட்டை வீட்டுக்கும் பின்சுவரிலிருந்து மூன்று மீற்றர், தனி வீட்டுக்கு நாலு மீற்றர் வரை, உயரம் நாலு மீற்றருக்குள் என்றால் பொதுவாக விண்ணப்பம் தேவையில்லை. எல்லைக்கு இரண்டு மீற்றருக்குள் வந்தால் கூரை விளிம்பு மூன்று மீற்றரைத் தாண்டக் கூடாது. பின்சுவர் என்பது வீடு முதலில் கட்டியபோதிருந்த சுவர், பழைய வீடானால் 1948 ஜூலை 1 அன்று நின்ற சுவர். முன்னைய சொந்தக்காரர் ஏற்கெனவே நீட்டியிருந்தால் அதுவும் உங்கள் கணக்கில்தான் சேரும். பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடங்களுக்கும் பகுதிகளுக்கும் விதி இறுக்கம், கவுன்சிலில் கேளுங்கள். ஸ்கொட்லாந்து, வேல்ஸ் விதிகள் வேறு. தேவையில்லை என்றாலும், சட்டப்படி சரி என்ற சான்றிதழைக் கவுன்சிலிடம் எடுத்து வைப்பது நல்லது. முழு விண்ணப்பக் கட்டணத்தில் பாதிதான்.

வேலிச் சண்டையை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு கதியால் அரை அடி நகர்ந்ததற்குத் தலைமுறைக்கும் கதைக்காமல் இருந்த குடும்பங்கள் எங்கள் ஒழுங்கையிலேயே உண்டு. இங்கிலாந்தில் அதற்கு 1996-ல் வந்த சட்டம் இருக்கிறது. எல்லைக் கோட்டில் சுவர் எழுப்பினாலோ, பக்கத்து வீட்டுக்கு மூன்று மீற்றருக்குள் அவர்களுடைய அத்திவாரத்தை விட ஆழமாகத் தோண்டினாலோ, ஒரு மாதத்துக்கு முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும். தோண்டுவதற்கு 14 நாளுக்குள் சம்மதம் வராவிட்டால் பிணக்கு என்று எடுத்து அளவையாளர் வருவார், பெரும்பாலும் செலவு உங்கள் தலையில், ஆயிரம் பவுண்ஸ் சும்மா போய்விடும். கடிதம் போடுவதற்கு முன் ஒரு பின்னேரம் போய்க் கதவைத் தட்டுங்கள். படத்தைக் காட்டிக் கதையுங்கள். எங்கள் பக்கத்து வீட்டுக் கிழவி, தன் றோசாச் செடிக்கு நிழல் விழுமோ என்றுதான் கவலைப்பட்டார். கூரையை அரை அடி பதித்தோம், அன்றே கையெழுத்துப் போட்டார்.

எதற்காகக் கட்டுகிறீர்கள் என்பதை வீட்டில் எல்லோரும் இருந்து தீர்மானியுங்கள். சாமியறை, பிள்ளைகள் படிக்க இடம், ஊரிலிருந்து வருகிற அம்மாவுக்குப் பகலில் வெளிச்சத்தில் இருக்க ஒரு கதிரை, இவையெல்லாம் நல்ல காரணங்கள். தாளித மணம் வீட்டுக்குள் வராமல் குசினியை அங்கே கொண்டுபோகலாம் என்று நினைக்கிறவர்களும் உண்டு. காஸ், தண்ணீர், வடிகால் என்று இழுக்கத் தொடங்கினால் செலவும் கூடும், விதியும் மாறும், ஆவி கண்ணாடியில் பிடித்துப் பூஞ்சணம் வரும். செய்யாதீர்கள். புதிதாக வருகிற பெடியளை அங்கே படுக்க விட்டு வாடகை வாங்குவது அதைவிடப் பிழை. தையில் அந்த அறையில் ஒரு இரவு கிடந்து பார்த்தால் ஏன் என்று தெரியும். நாங்களும் வந்த புதிதில் யாரோ தந்த ஒரு மூலையில் படுத்து எழும்பியவர்கள்தான்.

காசு கட்டும் முறை. பலரும் சீட்டு எடுத்துக் கட்டுகிறார்கள், அது உங்கள் விருப்பம். ஆனால் முற்பணத்தையாவது கிறெடிற் கார்ட்டில் கட்டுங்கள். மொத்த விலை 100 பவுண்சுக்கு மேல், 30,000 பவுண்சுக்குள் என்றால், 1974-ம் ஆண்டுக் கடன் சட்டத்தின் 75-வது பிரிவின்படி, ஒரு பகுதியை மட்டும் கார்ட்டில் கட்டியிருந்தாலும், முழு வேலைக்கும் கார்ட் கொம்பனியும் பொறுப்பு. கட்டுகிற கொம்பனி நடுவில் மூடிவிட்டால் கேட்க ஒரு ஆள் இருக்கும். எங்கள் ஆள்தானே, கையில் காசாகத் தந்தால் வற் இல்லை என்பவர் சொல்கிற விலை இனிக்கும். ஆனால் ரசீது இல்லாத வேலைக்கு உத்தரவாதமும் இல்லை. மீதியை வேலை நடக்க நடக்கப் பிரித்துக் கொடுங்கள், கடைசி ஆயிரத்தையாவது மழை பெய்து ஒழுக்கு இல்லை என்று கண்ட பிறகு கொடுங்கள். மின்சாரச் சான்றிதழ், காப்புறுதியோடு சேர்ந்த உத்தரவாதப் பத்திரம் இரண்டையும் கையில் வாங்காமல் கணக்கை முடிக்காதீர்கள். வீட்டுக் காப்புறுதிக்காரருக்கும் அறிவித்துவிடுங்கள்.

மருமகன் இதையெல்லாம் கேட்டுத் திரும்பப் போய்க் கதைத்தான். இரண்டாவது கொட்டேசன் மூன்று பக்கத்தில் வந்தது: அத்திவாரம் ஒரு மீற்றர், மான்ஹோல் வெளியே நகர்த்துவது, வெயில் தடுக்கும் கண்ணாடி, மூன்று பிளக், நிலத்துக்கு ரைல்ஸ், வற் எல்லாம் சேர்த்து 19,300 பவுண்ஸ். இப்போதைக்குக் கையெழுத்துப் போடவில்லை. பின்வளவில் ஒரு கதிரையைப் போட்டு வைத்திருக்கிறான், ஆவணி வரைக்கும் வெயில் பார்க்கப் போகிறானாம்.