சுருதி இறங்காமல் எண்பது நிமிடம்: எஸ்டோனியப் பாடகர் குழு காட்டும் வழி

எஸ்டோனிய இசையமைப்பாளர் ஆர்வோ பார்ட்டின் ‘கானொன் பொகயானென்’ 80 நிமிடத்துக்கு மேல் நீளும் படைப்பு. பக்கவாத்தியம் ஒன்றுகூடக் கிடையாது. ஜெர்மனியின் கொலோன் பேராலயத்தின் 750-ஆம் ஆண்டையொட்டி 1998 மார்ச்சில் அது முதன்முதலாகப் பாடப்பட்டது. பாடியது எஸ்டோனியத் தலைநகர் தாலினின் ‘எஸ்டோனிய ஃபில்ஹார்மோனிக் சேம்பர் கொயர்’ (கொயர் என்றால் பாடகர் குழு). அவ்வளவு நேரம் சுருதியை விடாமல் நிற்க முடிந்தால்தான் ஒரு குழு வெளிநாட்டு மேடையைப் பற்றி யோசிக்கலாம். உடை, விளம்பரம், விமான டிக்கெட் எல்லாம் அப்புறம்.

இந்தக் குழு ஒரே நாளில் முளைத்ததல்ல. ஹெய்னோ கல்யுஸ்தே 1966-இல் தொடங்கிய ‘எல்லெர்ஹெய்ன்’ என்ற அமெச்சூர் குழுதான் இதன் வேர். அதிலிருந்து 1981-இல் அவர் மகன் தோனு கல்யுஸ்தே சம்பளத்துக்குப் பாடும் தொழில்முறைக் குழுவை உருவாக்கினார். 2001 வரை, இருபது ஆண்டுகள், அவரே நடத்துநர். நாடு 1991-இல் மீண்டும் சுதந்திரம் பெற்ற பிறகு வந்த இசைத்தட்டுகள்தான் பெயரை வெளியே கொண்டுபோயின: 1993-இல் பார்ட்டின் ‘தே தேயும்’, 1998-இல் ‘கானொன் பொகயானென்’. அடுத்து நடத்துநராக வந்த பால் ஹில்லியர் காலத்தில் ‘தா பாச்செம்’ தட்டுக்கு 2007-இல் கிராமி கிடைத்தது. 2014-இல் ‘ஆதாம்ஸ் லமென்ட்’ தட்டுக்கு இன்னொரு கிராமி. அதில் லாட்விய வானொலிக் குழுவும் சேர்ந்து பாடியிருந்தது. உலகம் கேட்பதற்கு முன்பே பத்தாண்டு ஒரே ஆளிடம் பாடிக் குரல்கள் ஒட்டிப்போயிருந்தன என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. இரண்டு வருடத்துக்கு ஒரு நடத்துநரை மாற்றும் குழுவுக்கு அந்த ஒட்டு வராது.

உங்கள் குழுவையும் அப்படித் தயார்செய்ய, ஆள் கணக்கிலிருந்து தொடங்குங்கள். சோப்ரானோ, ஆல்டோ (பெண்களின் மேல், கீழ்க் குரல்கள்), டெனர், பாஸ் (ஆண்களின் மேல், கீழ்க் குரல்கள்) நான்கும் இரண்டிரண்டாகப் பிரிந்தால் எட்டு வரி. ஒரு வரிக்கு மூன்று பேர் என்றால் 24. ஏன் மூன்று? இரண்டு பேர் ஒரே சுரத்தைப் பாடும்போது சிறிய வேறுபாடும் அலையடிப்பாகக் காதில் விழும். மூன்றாவது குரல் சேர்ந்தால் அது மறைந்துவிடும். ஆளில்லாவிட்டால் வரிக்கு ஒருவரே பாடுவது இருவரைவிட மேல். பயணத்தில் ஒருவருக்காவது தொண்டை கட்டும், ஆகவே இரண்டு பேர் கூடுதலாக இருக்கட்டும்.

பயிற்சியில் பியானோவை மூடி வையுங்கள். பியானோவின் காந்தாரம் இயற்கையான காந்தாரத்தைவிட 14 சென்ட் கூர்மையானது (ஓர் அரைச் சுரம் 100 சென்ட்). பியானோவோடு பழகிய குழு வாத்தியமில்லாமல் நிற்கும்போது மேஜர் கார்டு (கார்டு என்றால் சேர்ந்தொலிக்கும் சுரக் கூட்டு) மினுங்காது, ஏதோ சரியில்லை என்று மட்டும் தோன்றும். நம் வீட்டுச் சுருதிப்பெட்டி இதற்கு அருமையான கருவி. அதைவிடத் தம்புரா நல்லது: சரியாகக் கூட்டிய தம்புராவில் யாரும் மீட்டாமலே கேட்கும் அந்தர காந்தாரம் இருக்கிறதே, கொயரில் பாட வேண்டிய மேஜர் மூன்றாவது சுரம் அதுதான். பஞ்சமம் பியானோவைவிட 2 சென்ட் மட்டுமே கூடுதல், அதில் தொல்லை இல்லை.

பார்ட்டின் ‘தின்தின்னாபுலி’ முறையில் ஒரு குரல் படிப்படியாக நகரும். இன்னொரு குரல் ஆதார முக்கோணத்தின், அதாவது ஆதார கார்டின், மூன்று சுரங்களில் மட்டுமே நிற்கும். முதலில் நகரும் குரலைச் சுருதிப்பெட்டியோடு தனியாகப் பாடவையுங்கள். பிறகு நிற்கும் குரலைப் பெட்டியில்லாமல். மூன்றாவது சுற்றில் இரண்டையும் சேர்த்து, பாதிக் குரலில், வார்த்தையில்லாமல் ‘ஊ’ என்று. வார்த்தை கடைசியில்தான்.

இனி சுருதி ஏன் இறங்குகிறது? படி இறங்கும்போது அகலமாக இறங்குவதும், ஏறும்போது குறுகலாக ஏறுவதும் முதல் காரணம். ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பப் பாடும்போது ஒவ்வொரு முறையும் ஒரு நூல் தொய்வது இரண்டாவது. பார்ட்டில் பெரும்பாலும் இந்த இரண்டுதான், ஏனென்றால் அங்கே ஆதாரம் நகர்வதேயில்லை. கார்டுகள் நகரும் இசையில் வேறொரு பொறி உண்டு. ஸி மேஜர் கார்டில் தொடங்கி ஏ மைனர், டி மைனர், ஜி மேஜர் வழியாக மறுபடி ஸிக்கு வாருங்கள். ஒவ்வொரு கார்டையும் முந்தியதோடு பொதுவான சுரத்தைப் பிடித்துச் சுத்தமாகச் சேர்த்தால், திரும்பும்போது ஸி 22 சென்ட் இறங்கியிருக்கும். ஐந்து சுற்றில் அரைச் சுரத்துக்கு மேல் காணாமல் போகும். யாரும் தப்பாகப் பாடவில்லை, கணக்கே அப்படி! பழைய ஸி எங்கே இருந்தது என்பதை பாஸ் குரல்கள் மனத்தில் வைத்திருந்து, டி சுரத்தை ஒரு சிட்டிகை உயர்த்திப் பிடிப்பதே மருந்து. ஐந்து நிமிடப் பாடலின் முடிவில் டியூனிங் ஃபோர்க்கை (சுருதி காட்டும் இசைக்கவையை) தட்டிப் பாருங்கள். 15 சென்ட்டுக்குள் இருந்தால் கவலை வேண்டாம். எப்போதும் ஒரே இடத்தில் இறங்கினால், பாடலை அரைச் சுரம் உயர்த்திப் பாடிப் பாருங்கள். கீழ்க்குரலிலிருந்து மேல்குரலுக்கு மாறும் விளிம்புச் சுரத்தில் யாருடைய குரலோ மாட்டிக்கொண்டிருக்கலாம்.

மூச்சு: பக்கத்து ஆளோடு சேர்ந்து மூச்சு வாங்கக் கூடாது, வரி முடியும் இடத்திலும் கூடாது. நீண்ட உயிரெழுத்தின் நடுவில் சத்தமில்லாமல் விலகி, வாங்கி, மெதுவாகவே திரும்ப நுழைய வேண்டும். நுழையும்போது இடிப்பவர்கள்தான் அதிகம்.

உச்சரிப்பில் எஸ்டோனிய மொழி தனி வேலை வாங்கும். நமக்குக் குறில், நெடில் என இரண்டு அளவு. அவர்களுக்கு மூன்று, மூன்றாவதை நம் அளபெடைக்கு ஒப்பிடலாம். ‘லின்ன’ என்ற எழுத்துக்கூட்டில் ஓர் அளவு நீட்டினால் ‘நகரத்தின்’, இன்னும் நீட்டினால் ‘நகரத்துக்குள்’. எழுத்தில் வேறுபாடே தெரியாது. எஸ்டோனிய இசையமைப்பாளர் வெல்யோ தோர்மிஸின் நாட்டார் பாடல்களை எடுக்கிறவர்கள் தாளில் பென்சிலால் 1, 2, 3 என்று குறித்துக்கொள்வது நல்லது.

மேடைக்கு மேடை மாறுவது எதிரொலி. அரங்கில் நுழைந்ததும் ஒருமுறை கைதட்டி, சத்தம் அடங்கும்வரை வினாடியை எண்ணுங்கள். ஒரு வினாடிக்குக் கீழே என்றால் நெருங்கி நில்லுங்கள், வேகத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். இங்கேதான் சுருதி அதிகம் இறங்கும், அடுத்தவர் குரல் காதுக்கு வராததால். நான்கைந்து வினாடி என்றால் ஆளுக்கு ஆள் அரை மீட்டர் இடைவெளி விட்டு, மெய்யெழுத்தைத் தாளத்துக்குச் சற்று முன்னால் வையுங்கள், அடுத்த கார்டுக்குப் போகும் முன் முந்தையது கரையக் காத்திருங்கள். அதிலும் பெரிய ஆலயங்களில் வேகமான பாடலை நிகழ்ச்சியிலிருந்தே எடுத்துவிடலாம்.

அரங்கில் ஒத்திகை 60 நிமிடம் போதும். முழு நிகழ்ச்சியையும் பாடித் தீர்க்காதீர்கள். ஒவ்வொரு பாடலின் தொடக்கம், மிக மெல்லிய இடம், மிக உரத்த இடம், கடைசி கார்டு, பிறகு மேடை ஏறி இறங்குவது. விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்குக் கீழே. நீண்ட பயணம் முடிந்து இறங்கிய அன்றே கச்சேரி வைத்தால் சோப்ரானோக்களின் மேல் சுரங்கள் அதைக் காட்டிக்கொடுக்கும். ஒரு நாள் முன்னதாகப் போய், அன்று 45 நிமிடம் பாதிக் குரலில் பாடி, தூங்கப் போய்விடுங்கள்.